பத்து வயதுப் பெண்ணுக்குத் துப்பறியும் கம்ப்யூட்டர் கேம்: எதில் ஆரம்பிக்கலாம்?

கட்டபெட்டு அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் கட்டபெட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை, மாதம் இரண்டு தடவை வந்து போவார். வீட்டில் நான், மாமியார், இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஏழு.

கேள்விக்கு முன்னால் ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நான் தேடுவது என்ன என்று புரியும். போன மாதம் வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த உருளைக்கிழங்குப் பாத்தியை ராத்திரியோடு ராத்திரியாக ஏதோ வந்து கிளறிப் போட்டுவிட்டது. காட்டுப்பன்றி என்றேன் நான். கரடி என்றார் மாமியார். பெரியவள் பள்ளி விட்டு வந்ததும் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய்க் குழியின் அகலம், ஆழம் எல்லாம் அளந்து ரஃப் நோட்டில் படம் போட்டாள். வேலி ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சாண் நீளத்துக்கு முள் ஒன்று கிடந்திருக்கிறது. அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "பன்னிக்கு முள்ளு இருக்குமாம்மா?" என்று கேட்டாள். அதோடு விடவில்லை. மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம் அடுப்புச் சாம்பலைச் சலித்துப் பாத்தியைச் சுற்றித் தூவி வைத்தாள். விடிந்ததும் போய்ப் பார்த்தால் சாம்பலில் சின்னச் சின்னக் காலடி, கூடவே துடைப்பத்தை இழுத்துக்கொண்டு போன மாதிரி கோடு கோடாக. முள்ளம்பன்றி! மாமியார் அன்றைக்குப் பூரா அக்கம்பக்கத்தில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படித் தலை ஓடுகிற பிள்ளை, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் என் போனை வைத்துக்கொண்டு யாரோ பொம்மைப் பெட்டி பிரிக்கிற வீடியோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்கு மனசு கேட்கவில்லை. வெளியில் விடவும் வழியில்லை. இருட்டினால் கரடி நடமாட்டம், நீலகிரியில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கையில் இருப்பது, தம்பிக்குப் பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப். 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7. பேட்டரி போய்விட்டது, கரண்ட் இருந்தால்தான் ஓடும். ஐப்பசி மழையில் கரண்ட் எத்தனை தடவை போகும் என்று கணக்கே இல்லை. நெட் என்றால் என் போன் ஹாட்ஸ்பாட்தான், அதுவும் ஜன்னல் ஓரத்தில் வைத்தால் கிடைக்கும்.

துப்பு சேர்த்து, யோசித்து, யார் செய்தது என்று கண்டுபிடிக்கிற மாதிரி கேம் வேண்டும். ரத்தம், கொலை வேண்டாம். பள்ளியில் ஆங்கில வழிதான், ஆனால் நீளமான பத்தி வந்தால் தடுமாறுவாள். ஒரே தடவை ஐந்நூறிலிருந்து ஆயிரம் வரை செலவு செய்ய முடியும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


ஃபிங்கர்போஸ்ட் தம்பி:

அக்கா, எது வாங்கினாலும் சரி, போன்ல இலவசம்னு போட்டிருக்கிற துப்பறியும் கேமை மட்டும் இறக்காதீங்க. என் அக்கா பையன் ஒண்ணு விளையாடினான். பேரு வேண்டாம். ஒரு ரூம் படத்தைக் காட்டி, அதுல சாவி எங்க, கத்திரிக்கோல் எங்கன்னு தேடச் சொல்லும். நாலு ரூம் முடிஞ்சதும் "சக்தி தீர்ந்துடுச்சு, ரெண்டு மணி நேரம் பொறு, இல்லேன்னா காசு கட்டு"ன்னு நிக்கும். அவன் எங்க அக்கா போன்ல பட்டனை அமுக்கி அமுக்கி ஆயிரத்து நானூறு ரூபா போயிடுச்சு. அக்காவுக்கு அன்னிக்கு ராத்திரி மெசேஜ் பார்த்தப்பதான் தெரிஞ்சுது. பையனைத் திட்டி என்ன பண்றது, அஞ்சாம் வகுப்புப் பையனுக்கு அது காசுன்னே தெரியாது. முதல் வேலையா ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல போய், எது வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கிற மாதிரி வெச்சுடுங்க.

இன்னொண்ணு. அதுல துப்பறியறதே கிடையாது. கண்ணுக்குத்தான் வேலை, மூளைக்கு இல்ல. உங்க பொண்ணு சாம்பல் தூவினவ, அவளுக்கு இது ரெண்டே நாள்ல அலுத்துடும்.


குன்னூர் சென்டர்காரர்:

தங்கச்சி, உங்கள் மகள் சாம்பல் சலித்த கதையை இரண்டு தடவை படித்தேன். என் அனுபவம் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

2004-ல் குன்னூரில் பிரவுசிங் சென்டர் ஆரம்பித்தேன். அப்போது ஏழு கேபின். இன்றைக்கு முன்பக்கம் ஜெராக்ஸ், லேமினேஷன், பட்டா சிட்டா, ஆயுள் சான்று என்று ஓடுகிறது. பின்பக்கம் இரண்டு கம்ப்யூட்டரைப் பிள்ளைகளுக்காகவே விட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை அம்மாக்கள் மார்க்கெட்டுக்கு வரும்போது பிள்ளைகளை இங்கே உட்கார வைத்துவிட்டுப் போவார்கள். மணிக்குப் பத்து ரூபாய், ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தனை பேர் உட்கார்ந்தாலும் அதே பத்து ரூபாய். பன்னிரண்டு வருஷமாக அதில் துப்பறியும் கேம்தான் போடுகிறேன். காரணம், அதில்தான் நாலு பிள்ளைகள் ஒரு ஸ்கிரீனைப் பார்த்துச் சேர்ந்து பேசுகிறார்கள். கார் ஓட்டும் கேமில் ஒருவன் ஓட்டுவான், மற்றவன் தன் முறைக்காக அழுதுகொண்டு நிற்பான்.

உங்களுக்கு முதல் கேம், ஃப்ரெடி ஃபிஷ். ஹியூமங்கஸ் என்டர்டெயின்மென்ட் என்ற அமெரிக்க கம்பெனி 1994-லிருந்து வெளியிட்டது. ஃப்ரெடி ஒரு மஞ்சள் மீன், பெண். அவளுடைய கூட்டாளி லூதர், சின்னப் பச்சை மீன். முதல் பாகத்தில் ஒரு பாட்டி மீனின் கடற்பாசி விதை திருட்டுப் போகும். கடலுக்கடியில் பாட்டிலுக்குள் அடைத்த சீட்டு ஒவ்வொன்றாகக் கிடைக்கும், ஒரு சீட்டு அடுத்த இடத்தைக் காட்டும். சின்னவனுக்கு ஏழு வயது என்றீர்களே, அவனும் கூட உட்காரலாம். எழுத்து குறைவு, எல்லாம் பேச்சுதான். கார்ட்டூன் மாதிரி தெளிவாக, மெதுவாகப் பேசுவார்கள். செத்துப்போவது, தோற்றுப்போவது என்பதே கிடையாது.

ஆனால் உங்கள் மகளுக்கென்று நான் நினைப்பது மூன்றாம் பாகம், 1998-ல் வந்தது. திருவிழாவுக்கு வைத்திருந்த பெரிய சங்கு காணாமல் போகும். அதற்குக் காவலாக இருந்த லூதரின் மாமாவைத்தான் திருடன் என்று பிடித்து அடைத்துவிடுவார்கள். அவர் எடுக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும். இதில் உள்ள விசேஷம், ஒவ்வொரு தடவை புதிதாக ஆரம்பிக்கும்போதும் திருடன் மாறிவிடுவான். பொருள்கள் கிடைக்கும் இடமும் மாறும்.

இதை வைத்து இங்கே நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பையன், ஒன்பது வயது இருக்கும், போன சனிக்கிழமை முழுக்க விளையாடி முடித்தவன். இந்த வாரம் புதுப் பிள்ளைகள் ஆரம்பிக்கும்போது பின்னால் நின்றுகொண்டு, "இவன்தாண்டா திருடன், எனக்குத் தெரியும், நேராப் போ" என்று ஒரே சத்தம். இவர்களும் நம்பித் துப்பு எதையும் பார்க்காமல் ஓட்டினார்கள். கடைசியில் திருடன் வேறு ஆள். பையன் முகம் சிவந்துபோய், "கம்ப்யூட்டர் பொய் சொல்லுது" என்று என்னிடம் வந்து நின்றான். மவுஸ் பிடித்திருந்த பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "போன வாட்டி எடுத்தவனே இந்த வாட்டியும் எடுத்திருப்பான்னு உனக்கு யாருடா சொன்னா?" ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த நான் மிஷினை நிறுத்திவிட்டு நின்றேன். எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளை அது. எங்கே எது காணாமல் போனாலும் முதலில் யாரைப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

இப்போது லேப்டாப் விஷயம். ஸ்டீம் என்ற இணையக் கடையில் இந்த கேம்கள் கிடைக்கும். ஆனால் ஸ்டீம், விண்டோஸ் 7-க்கான ஆதரவை 2024 ஜனவரி 1-ல் நிறுத்திவிட்டது. உங்கள் லேப்டாப்பில் ஸ்டீமை நம்ப வேண்டாம். கவலைப்படாதீர்கள், வழி இருக்கிறது. ஸ்கம்விஎம் என்று ஒரு இலவச மென்பொருள். 2001-லிருந்து ஆர்வலர்களே சேர்ந்து வளர்ப்பது. பழைய கேம்களைப் புது மிஷினிலும், பழைய மிஷினிலும், ஆண்ட்ராய்டு போனிலும்கூட ஓட வைக்கும். ஸ்டீமில் உங்கள் பெயரில் கணக்குத் திறந்து கேமை வாங்குங்கள். அதை வேறு கம்ப்யூட்டரில் இறக்கி, அந்த ஃபோல்டரைப் பென் டிரைவில் ஏற்றி வந்து, ஸ்கம்விஎம்மில் "ஆட் கேம்" கொடுத்து ஃபோல்டரைக் காட்டினால் போதும். அதற்குப் பிறகு நெட்டே தேவையில்லை. 2 ஜிபி ரேம் இதற்கு ஏராளம். நம் பிள்ளைகள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னால் வந்த கேம் இது.

கரண்ட் போகும் என்பதால் ஒன்று முக்கியம். கன்ட்ரோல், எஃப்5 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஸ்கம்விஎம் மெனு வரும், அதில் சேவ் பண்ணலாம். ஒவ்வொரு புது இடத்துக்குப் போனதும் சேவ் பண்ணச் சொல்லிப் பழக்குங்கள். இங்கே இரண்டு பிள்ளைகள் ஒரு மணி நேரம் விளையாடியதைக் கரண்ட் கொண்டுபோனபோது அழுத அழுகை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அந்த மாதமே பின்பக்கத்துக்குத் தனியாக யுபிஎஸ் வாங்கிப் போட்டேன்.

ஒரு ஆறு மாதம் போனபிறகு நான்சி ட்ரூ. 1930-லிருந்து புத்தகங்களில் வருகிற துப்பறியும் பெண். ஹெர் இன்டராக்டிவ் என்ற கம்பெனி 1998-லிருந்து இந்தப் பெண்ணை வைத்து முப்பதுக்கு மேல் கேம் போட்டிருக்கிறது. அவர்கள் தளத்திலேயே நேரடியாகவும் வாங்கலாம். பெரும்பாலானவற்றில் ஆரம்பத்திலேயே ஜூனியரா, சீனியரா என்று கேட்கும். ஜூனியரில் குறிப்பு கூடுதலாகக் கிடைக்கும், புதிரும் லேசாக இருக்கும். தப்பான இடத்தில் கால் வைத்து மாட்டிக்கொண்டால் "செகண்ட் சான்ஸ்" என்று கொடுத்து, தப்பு செய்வதற்குச் சற்று முன்னால் கொண்டுபோய் விடும்.

ஆனால் எல்லாமே பத்து வயதுக்கு ஆகாது. முதல் கேமே ஒரு பள்ளி மாணவனின் கொலையில் ஆரம்பிக்கும், அது வேண்டாம். ஜப்பானில் ஒரு பழைய விடுதியில் நடக்கிற 2010-ஆம் ஆண்டு கேம் ஒன்று இருக்கிறது, அதில் பேய் பயம் அதிகம். பெரிய பிள்ளைகளே நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். நான் முதலில் போடுவது 2001-ல் வந்தது, பனியில் வெளி உலகத் தொடர்பு அறுந்துபோன ஒரு கோட்டைக்குள் நடப்பது. அதற்கு அடுத்தது 2007-ல் வந்த ஒயிட் வுல்ஃப். கனடா மலையில் ஒரு விடுதி. நான்சி அங்கே வேலைக்காரப் பெண் மாதிரி போய்ச் சேருவாள். அறை அறையாகப் படுக்கை சரிசெய்ய வேண்டும், சமைக்க வேண்டும், அதற்கு நடுவில் துப்பும் தேட வேண்டும். அம்மா ஹோம்ஸ்டேயில் வேலை பார்க்கிற ஒரு பெண் அந்தப் படுக்கை வேலையைச் செய்த நறுவிசைப் பார்த்திருக்க வேண்டும்.

அதே கேமில் நரியும் வாத்தும் என்று ஒரு பலகை ஆட்டம் வரும். கூட்டமாக நகர்ந்து நரியை அடைக்க வேண்டும், நரி தாவித் தாவி வாத்தை வெட்டும். பிள்ளைகள் இரண்டு சனிக்கிழமையாகத் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். ஆயுள் சான்று எடுக்க வந்து கைரேகை விழாமல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், எட்டிப் பார்த்துவிட்டு, "இது ஆடு புலி ஆட்டம்யா" என்றார். கைரேகை விஷயத்தையே மறந்துவிட்டார். ஒரு காகிதத்தில் கோடு போட்டு, பொட்டுக்கடலை ஆடு, புளியங்கொட்டை புலி என்று வைத்து, "ஓரமாப் போ, ஓரத்துல இருக்கற ஆட்டை வெட்டறது கஷ்டம்" என்று சொல்லிக் கொடுத்தார். மூன்றாவது ஆட்டத்தில் பிள்ளைகள் ஜெயித்தார்கள். உங்கள் மாமியாருக்கு ஆடு புலி ஆட்டம் தெரிந்தால் அவரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்துக்குப் பயப்படாதீர்கள். இங்கே ஒருத்தி சத்தமாக வாசிப்பாள், இன்னொருத்தி தமிழில் சொல்வாள், மூன்றாமவள் நோட்டில் எழுதுவாள். அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். "சஸ்பெக்ட் = சந்தேகப்படற ஆள். அலிபை = நான் அங்க இல்ல." அலிபை என்றால் பொய்யா, உண்மையா என்று இரண்டு பேருக்கும் அரை மணி நேரம் சண்டை. கடைசியில் கீழே இன்னொரு வரி சேர்த்திருக்கிறார்கள்: "உண்மையாவும் இருக்கலாம், கேட்டுப் பார்க்கணும்."

இனி, நான் செய்த ஒரு தப்பு. ஒரு பெண் குழந்தை, ஒரு பூட்டைத் திறக்க முடியாமல் மூன்று வாரம் அதையே சுற்றி வந்தாள். நோட்டில் நான்கு பக்கம் எண்ணாக எழுதி வைத்திருந்தாள். எனக்கு மனசு கேட்காமல் யூடியூபில் பார்த்து அந்த எண்ணைச் சொல்லிவிட்டேன். பூட்டு திறந்தது. அவள் ஸ்கிரீனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அந்த கேமை அவள் அப்புறம் தொடவே இல்லை. அவள் நோட்டில் மூன்றாம் பக்கத்தில் விடைக்குப் பக்கத்தில் வந்திருந்தாள் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். தங்கச்சி, பிள்ளை மாட்டிக்கொண்டு முழிக்கும்போது தயவுசெய்து விடையைச் சொல்லிவிடாதீர்கள். "நோட்டுல என்ன எழுதியிருக்க, எனக்குப் படிச்சுக் காட்டு" என்று மட்டும் கேளுங்கள். படித்துக் காட்டும்போதே பாதி தடவை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.


கொடை ஹோம்ஸ்டே பெண்:

அக்கா, நான் கொடைக்கானல். சென்டர் அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் அவர் ஒரு பெரிய பெயரை விட்டுவிட்டார். புரொஃபசர் லேட்டன்! 2007-ல் ஜப்பானில் வந்தது, நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்க கேம் மிஷினுக்கு. என் மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த டிஎஸ்ஸில் பதினோரு வயதில் விளையாடினேன். மழைக்காலத்தில் இங்கே நாலு நாள் சேர்ந்தாற்போல மேகம் வீட்டுக்குள் வந்துவிடும், போர்வைக்குள் உட்கார்ந்து அந்தப் புதிர்களைப் போட்டது இன்னும் ஞாபகம். முதல் பாகம் 2018-லிருந்து போனிலும் டேப்லெட்டிலும் கிடைக்கிறது. ஒரே தடவை காசு, நடுவில் எதுவும் கேட்காது.

உயரத் தொப்பி வைத்த ஒரு பேராசிரியர், கூட ஒரு பையன். ஊரில் யாரைப் பார்த்தாலும் ஒரு புதிர் போடுவார்கள். மூன்று ஓநாய், மூன்று கோழிக்குஞ்சு, ஒரு தெப்பம், எல்லோரும் ஆற்றைக் கடக்க வேண்டும், எந்தக் கரையிலும் ஓநாய் எண்ணிக்கை குஞ்சுகளைவிடக் கூடிவிடக் கூடாது. எங்கள் பாட்டி புலி, ஆடு, புல்லுக்கட்டு என்று போட்ட அதே மாதிரிக் கணக்கு! தப்பாகச் சொன்னால் அந்தப் புதிருக்கான மதிப்பெண் குறையும், அதனால் சும்மா குருட்டாம்போக்கில் அமுக்க மாட்டோம். குறிப்பு வேண்டுமென்றால் ஊருக்குள் தேடிச் சேர்த்த காசைக் கொடுக்க வேண்டும். அந்தக் காசும் கைநிறையக் கிடைக்காது, அதனால் குறிப்பை எப்போது வாங்குவது என்பதையே நான் யோசித்து யோசித்துச் செய்வேன். அகிரா டாகோ என்ற ஜப்பான் பேராசிரியர்தான் புதிர்களை அமைத்தவர். அங்கே புதிர்ப் புத்தகங்களுக்குப் பேர்போனவர். பத்து வயதுக்கு அருமையான கேம். நான்சி ட்ரூவில் இருட்டு வராந்தாவில் திடீரென்று சத்தம் கேட்பதெல்லாம் என்னால் இப்போதுகூடத் தாங்க முடியாது.


குன்னூர் சென்டர்காரர்:

லேட்டன் நல்ல கேம்தான் தங்கச்சி, நான் மறுக்கவில்லை. ஆனால் புதிர் வேறு, துப்பு வேறு. ஓநாயும் கோழிக்குஞ்சும் கணக்கில் வேண்டியதெல்லாம் அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. அதைப் போட்டு முடித்தால் ஊரின் மர்மம் தானாக ஒரு படி நகரும், கடைசியில் பேராசிரியரே எல்லாவற்றையும் விளக்கிவிடுவார். துப்பு அப்படி இல்லை. குழியின் அகலம் ஒரு பக்கம், வேலியோர முள் ஒரு பக்கம், சாம்பல் கோடு ஒரு பக்கம். மூன்றையும் சேர்த்து வைக்கும் வேலை பிள்ளையுடையது. கட்டபெட்டுப் பெண் அதைச் செய்துவிட்டாள். அவளுக்கு அந்த வேலையைக் கொடுக்கிற கேம்தான் முதலில் வேண்டும் என்பது என் எண்ணம்.

நல்ல மிஷின் கிடைக்கும் காலத்தில் டக் டிடெக்டிவ் என்று 2024-ல் வந்த ஒன்று இருக்கிறது. ஒரு வாத்துதான் துப்பறிபவர், திருடு போவது இறைச்சித் துண்டு. பார்த்ததிலிருந்தும் கேட்டதிலிருந்தும் சொற்களைச் சேகரித்து, கோடிட்ட இடத்தை நிரப்பி, யார் என்ன செய்தார் என்ற வாக்கியத்தை நாமே முடிக்க வேண்டும். நான் சொல்லும் வேலை அதில் அப்படியே இருக்கிறது. தவளை ஒருவர் துப்பறிகிற ஃப்ராக் டிடெக்டிவ்வும் மென்மையானது, முதல் பாகம் 2018, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். வக்கீல் கேம் என்று ஏஸ் அட்டர்னியைச் சிலர் சொல்வார்கள். அதில் வருவது கொலை வழக்குகள், பன்னிரண்டு வயதுக்கு மேல் பார்க்கலாம். ஐரோப்பிய வயது முத்திரையில் 3, 7, 12 என்று எண் போட்டிருக்கும், வாங்கும் முன் அதைப் பாருங்கள்.


கட்டபெட்டு அம்மா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஃபிங்கர்போஸ்ட் தம்பி சொன்ன பாஸ்வேர்டை நேற்றே போட்டுவிட்டேன். கொடைத் தங்கச்சி சொன்ன லேட்டனைப் பெரிய லீவுக்கு என்று எழுதி வைத்திருக்கிறேன். சென்டர் அண்ணா, ஃப்ரெடி ஃபிஷ் மூன்றாம் பாகத்தையே வாங்கலாம் என்று இருக்கிறேன். எனக்கு இந்த ஃபோல்டர் ஏற்றும் வேலை புரியவில்லை. சனிக்கிழமை குன்னூர் வந்தால் செய்து தருவீர்களா? லேப்டாப்பையும் கொண்டுவர வேண்டுமா?


குன்னூர் சென்டர்காரர்:

தாராளமாக வாருங்கள். லேப்டாப், சார்ஜர் இரண்டையும் பிளாஸ்டிக் உறை போட்டு எடுத்து வாருங்கள், பஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் நனைந்துவிடும். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். மகளையும் கூட்டி வாருங்கள், எப்படி ஏற்றுகிறோம் என்பதை அவளே பார்க்கட்டும். ஸ்கேல் போட்ட பிள்ளை, ஒரு தடவை பார்த்தால் பிடித்துக்கொள்வாள்.


கட்டபெட்டு அம்மா:

மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

முதல் நாள் இரண்டு பேரும் மவுஸுக்கு அடித்துக்கொண்டார்கள். பிறகு அவர்களே பிரித்துக்கொண்டார்கள்: சின்னவனுக்கு மவுஸ், பெரியவளுக்கு நோட்டு. மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டே பின்னால் உட்கார்ந்திருப்பார். ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. மீன் ஒன்று பேசி முடித்ததும், "இவன் கேட்டதுக்குப் பதில் சொல்லல, வேற என்னமோ சொல்றான்" என்றார். பேத்தி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள், "பாட்டி சொன்னது" என்று தலைப்புப் போட்டு.

ஒரு இடத்தில் நான்கு நாள் மாட்டிக்கொண்டார்கள். எனக்கு வழி தெரிந்துவிட்டது, நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நீங்கள் சொன்ன அந்தப் பெண் குழந்தையை நினைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன். அங்கிருந்தே, "நோட்டைப் படிச்சுக் காட்டு" என்றேன். இரண்டாவது பக்கம் படிக்கும்போது நின்றாள். "அம்மா, இருங்க இருங்க" என்று ஓடினாள். அடுத்த நிமிஷம் சின்னவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

முதல் ஆட்டத்தில் யார் என்று அவள் நினைத்தது தப்பாகப் போனது. அன்றைக்குச் சாப்பிடும்போது பேசவே இல்லை. மறுநாள் நோட்டில் புதுப் பக்கம் எடுத்து, நடுவில் ஒரு கோடு போட்டு, இடது பக்கம் "பார்த்தது", வலது பக்கம் "நினைச்சது" என்று எழுதினாள். நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை அண்ணா. இரண்டாவது ஆட்டத்தில் திருடன் மாறினான், கண்டுபிடித்துவிட்டாள். மூன்றாவது ஆட்டத்தில் பாதியில் கரண்ட் போனது. சேவ் பண்ணியிருந்தான் சின்னவன். இருட்டில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு நோட்டை மட்டும் பார்த்து மூன்று பேரும் அரை மணி நேரம் வாதம் பண்ணினார்கள். நானும் உட்கார்ந்தேன்.

ஒரே கேள்வி. அந்தப் பனிக்கோட்டை நான்சி ட்ரூவுக்கு இப்போதே போகலாமா? தினமும் கேட்கிறாள்.


குன்னூர் சென்டர்காரர்:

படித்ததும் மனசு நிறைந்துவிட்டது தங்கச்சி. கோட்டைக்கு இப்போது வேண்டாம், அரைப் பரீட்சை முடியட்டும். லீவில் ஒரு சனிக்கிழமை இங்கே வந்து மற்றப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் ஜூனியரில் விளையாடிப் பார்க்கட்டும். பயப்படாமல் இருந்தால் அன்றைக்கே வாங்கி ஏற்றித் தருகிறேன்.

வரும்போது அந்த நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நடுவில் கோடு போட்ட பக்கத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பின்பக்கச் சுவரில் ஒட்ட வேண்டும், அவள் சரி என்றால் மட்டும். முள்ளம்பன்றி முள்ளையும் கொண்டுவரட்டும். இங்கே இருக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் அதைக் கையில் தொட்டுப் பார்த்ததில்லை.